கவலை குறைந்த இனம்

ஏப்ரல் 2 என்று தேதியிட்டு எங்கள் கட்டடத்து லிஃப்டில் ஒட்டப்பட்ட அறிவிப்பின் தமிழாக்கம் இது:

“இத்தீவின் பூர்வீகப் பறவைகளைக் காக்கும் பொருட்டு, மொட்டைமாடியிலும் பால்கனிகளிலும் காகங்களுக்கு உணவு வைப்பது தடை செய்யப்படுகிறது. காகம் இந்த நாட்டைச் சேர்ந்தது அல்ல. வெளியிலிருந்து கப்பலில் வந்து, இங்கேயே தங்கி, பெருகி, உள்ளூர்ப் பறவைகளின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. குடியிருப்போர் ஒத்துழைக்கவும். நிர்வாகம்.”

மூலம் ஆங்கிலத்திலும் அரபியிலும் இருந்தது. நான் படித்தபோது லிஃப்டில் ஆறு பேர் இருந்தோம். ஒரு மலையாளி நர்ஸ், ஒரு பிலிப்பினோ தம்பதி, ஒரு பாகிஸ்தானி டிரைவர், எங்கள் எதிர் ஃபிளாட்காரர், நான். ஆறு பேரும் வெளியிலிருந்து வந்து இங்கேயே தங்கியவர்கள். பிலிப்பினோ தம்பதி பெருகவும் தொடங்கியிருந்தார்கள், அந்தப் பெண்ணுக்கு ஏழு மாதம் இருக்கும். எல்லோரும் கடைசி வரி வரை படித்தோம். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. தரைத்தளம் வந்ததும் அவரவர் டூட்டிக்குப் போனோம்.

அறிவிப்பின் அடியில் ‘நமது பூர்வீகப் பறவை’ என்று ஒரு படம் போட்டிருந்தார்கள். பஹ்ரைனின் கொண்டைக்குருவிக்குக் கன்னத்தில் வெள்ளைத் திட்டு இருக்கும், வாலுக்கு அடியில் மஞ்சள் இருக்கும். படத்தில் இருந்ததற்குக் கன்னம் கறுப்பு, வாலுக்கு அடியில் சிவப்பு. அது நம் ஊர்க் கொண்டைக்குருவியான சின்னான். கூண்டுப் பறவையாக இங்கே வந்து, தப்பித்து, வேப்ப மரங்களில் குடியேறியது. அதாவது, வந்தேறியைத் தடுக்கச் சொல்லும் காகிதத்தில் இன்னொரு வந்தேறியின் புகைப்படத்தை ஒட்டியிருந்தார்கள். நான் ஒரு கம்பெனியில் டாக்குமென்ட் கன்ட்ரோலர். வரும் காகிதத்துக்கு எண் போட்டு, தேதி முத்திரை குத்தி, எது பழைய பிரதி, எது திருத்திய பிரதி என்று பார்ப்பது வேலை. இந்தக் காகிதத்துக்குத் திருத்திய பிரதி வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. சின்னான் இன்றும் லிஃப்டில் பூர்வீகக் குடியாகத்தான் போய்வந்துகொண்டிருக்கிறது.

இந்தத் தீவு நாட்டின் பறவைகளைப் பற்றி நான் கொஞ்சம் படித்திருக்கிறேன், பார்த்தது அதைவிடக் கொஞ்சம். தெற்கே ஹவார் தீவுகளில் சொகோத்ரா நீர்க்காகங்கள் கூட்டம் கூட்டமாகக் கூடு கட்டுகின்றன. இந்த வளைகுடாவையும் சுற்றியுள்ள கரைகளையும் விட்டால் அவற்றுக்கு உலகில் வேறு இடம் கிடையாது. உலகப் பட்டியலில் அவை ‘அழிவாய்ப்பு இனம்’. பெயரில் காகம் இருப்பதைப் பார்த்து அவற்றுக்கும் தடை போட்டிருப்பார்கள், நல்லவேளை நிர்வாகத்துக்குத் தமிழ் தெரியாது. அதே தீவுகளில் விராலடிப்பான் என்ற மீன்பிடிக் கழுகு கூடு கட்டுகிறது. குளிர்காலத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பறவை பேரீச்சந்தோப்புகளுக்கு வரும். அதைப் பார்க்க ஐரோப்பாவிலிருந்து துப்பாக்கி நீளத்துக்கு லென்ஸ் தூக்கிக்கொண்டு ஆட்கள் வருகிறார்கள். அதற்குத் தமிழில் பெயர் இருப்பதாகத் தெரியவில்லை. பூநாரை வரும். பட்டியலில் பூநாரைக்கு நேரே ‘கவலை குறைந்த இனம்’ என்று போட்டிருக்கும். வெண்கன்னக் கொண்டைக்குருவிக்கும் அதுவேதான். காகத்துக்கும் அதுவேதான். தமிழில் இந்த வகைப்பாட்டை யார் மொழிபெயர்த்தார்களோ, அவர்களுக்கு வளைகுடாவில் வேலை பார்த்த அனுபவம் இல்லை. குடும்ப விசா, கம்பெனி வீடு, பிள்ளைகளுக்கு ஸ்கூல் ஃபீஸ் கிடைக்கிற சிலரைத் தவிர அந்தத் தகுதிக்குரிய இனத்தை நான் இங்கே பார்த்ததில்லை.

அந்தச் சிலர் சேர்ந்து நடத்துவதுதான் எங்கள் தமிழ்ச் சங்கம். போன குளிர்காலத்தில் ‘பறவை காணும் நாள்’ ஏற்பாடு செய்தார்கள். இரண்டு பஸ், பிரியாணிப் பொட்டலம், பேனர், ஒலிபெருக்கி. அலை வற்றிய கரையில் பூநாரைகள் தலையைச் சேற்றுக்குள் விட்டு மேய்ந்துகொண்டிருந்தன. “அன்பான உறவுகளே, பறவைகளுக்கு எந்தத் தொந்தரவும் தராமல் அமைதி காக்கவும்” என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அதைக் கேட்டுத்தான் அவை பறந்தன. பிறகு பேனரைப் பிடித்துக்கொண்டு காலிக் கடலின் முன் குழுப்படம் எடுத்தோம். அதில் நானும் இருக்கிறேன், இடது ஓரம்.

அறிவிப்பு வந்த அன்று சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் கைகூப்பிய பொம்மை போட்டார்கள். “நம்ம நாட்டுப் பறவைகளை நாமதான் காப்பாத்தணும்” என்று ஒருவர் எழுதினார். அவர் இங்கே வந்து எட்டு வருடம். ‘நம்ம நாடு’ என்றால் எது என்று யாரும் கேட்கவில்லை. காகத்தை எல்லோரும் கைவிட்டுவிட்டார்கள். எதிர் ஃபிளாட்காரர் மட்டும் எதுவும் எழுதவில்லை.

அவருக்குக் காகம் வேண்டும். அதுவும் ஏப்ரல் 26ஆம் தேதி வெள்ளிக்கிழமை வேண்டும்.

அவர் மயிலாடுதுறைப் பக்கம். ஒரு டிரேடிங் கம்பெனியில் இன்டர்னல் ஆடிட்டர். சுத்த சைவ வீடு. போன சித்திரையில் அவருடைய அப்பா இறந்துபோனார். சேதி வந்தது இரவு, டிக்கெட் கிடைத்தது மறுநாள் மதியம், அதுவும் கொழும்பு வழியாக. இவர் போய் இறங்குவதற்குள் வெயில் காலம், வைத்திருக்க முடியாது என்று எடுத்துவிட்டார்கள். ஒரே பிள்ளை இருக்கும்போது பெரியப்பா மகன் கொள்ளி வைத்தார். இவர் திரும்பி வந்த பிறகு மாதா மாதம் மாசிகத்தை இங்கேயே செய்தார். ஊரிலிருந்து புரோகிதர் வீடியோ காலில் மந்திரம் சொல்ல, இவர் திருப்பிச் சொல்லிவிட்டு, இலையில் சோற்றை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்க் காக்கையைக் கூப்பிடுவார். காகம் எடுத்த பிறகுதான் வீட்டில் சாப்பாடு. அப்போதெல்லாம் தண்ணீர்த் தொட்டி மேல் வரிசையாக உட்கார்ந்திருக்கும். கூப்பிட வேண்டிய அவசியமே இல்லை, விரட்டத்தான் ஆள் வேண்டும்.

தலைத்திவசத்துக்காவது ஊருக்குப் போய்விட வேண்டும் என்று லீவு கேட்டார். அவருடைய மேனேஜர் நம் ஆள்தான், கோயம்புத்தூர்க்காரர். “அதுக்குத்தான் போன வருஷமே எமர்ஜென்சி லீவு குடுத்தாச்சே” என்றாராம். ஒரு அப்பாவுக்கு ஒரு லீவு. 

அது போகட்டும், இங்கேயே செய்துவிடலாம் என்று இருந்தார். மார்ச் மாதம் எதிர்க் கட்டட மாடியில் ஒரு பெரிய கம்பிக் கூண்டு வந்தது. உள்ளே இறைச்சித் துண்டு. முதல் வாரம் சில காகங்கள் மாட்டின. மற்றவை அதைத் தண்ணீர்த் தொட்டி மேலிருந்து பார்த்தன. அடுத்த வாரம் அந்தத் தெருவிலேயே ஒரு காகம் இல்லை. இந்த ஊரில் இவ்வளவு சீக்கிரம் காலி செய்துகொண்டு போன குடித்தனம் வேறு கிடையாது.

அவருடைய அம்மா ஊரிலிருந்து தினமும் கூப்பிடுவார். அப்பாவுக்குக் கண்ணை மூடும்வரை பிள்ளை வந்துவிடுவான் என்ற எண்ணம்தானாம். கொள்ளிதான் அவன் கையால் இல்லை, திவசச் சோறாவது அவன் கையால் எடுத்துக்கொள்ள வேண்டும், எடுக்காவிட்டால் மனுஷனுக்கு இன்னும் கோபம் தீரவில்லை என்று அர்த்தம். இதை அந்த அம்மா அழாமல், கறிகாய் விலை சொல்கிற குரலில் சொல்வாராம். அதுதான் தாங்க முடியவில்லை என்றார் எதிர் ஃபிளாட்காரர்.

இப்போது என் வீட்டுப் பக்கம். எங்கள் பால்கனியில் ஒரு கறிவேப்பிலைத் தொட்டி. திருநெல்வேலியிலிருந்து என் மனைவி கொண்டுவந்து, மூன்று கோடை தாண்டிக் காப்பாற்றிய செடி. இந்தக் கட்டடத்தில் சொந்தக் கறிவேப்பிலை உள்ள வீடு என்பது ஒரு அந்தஸ்து. மார்ச் கடைசியில் அதில் ஒரு கொண்டைக்குருவி ஜோடி கூடு கட்டியது. நைலான் நார், பேரீச்ச நார், எங்கள் துடைப்பத்தின் பாதி. அன்றிலிருந்து செடியில் கை வைக்கக் கூடாது என்று உத்தரவு. சொந்தச் செடியை வைத்துக்கொண்டு கடையில் கறிவேப்பிலை வாங்கினோம்.

இந்த ஊர்க்காரர்களுக்குக் கொண்டைக்குருவி ரொம்பப் பிடிக்கும். தமிழில் ‘பிடிக்கும்’ என்ற சொல்லுக்கு உள்ள இரண்டு பொருளிலும். இறகு முளைக்காத குஞ்சாக எடுத்துக் கையில் வைத்து வளர்த்தால் தோளில் உட்கார்ந்து கூடவே வரும் என்பதால், கூட்டிலிருந்து குஞ்சு எடுப்பது பழக்கம். காகம் ஒரு பக்கம், காதல் ஒரு பக்கம். அதனால் கூடு இருக்கும் விஷயத்தை என் மனைவி யாரிடமும் சொல்லவில்லை.

எனக்கு இன்னொரு சந்தேகம் இருந்தது. ஜோடியில் ஒன்றின் வாலடி சுத்த மஞ்சளாக இல்லை, ஆரஞ்சு கலந்திருந்தது. உள்ளூர்ப் பறவையும் நம் சின்னானும் கூடிக் கலப்புக் குஞ்சுகள் பிறப்பது உண்டு என்று படித்திருக்கிறேன். அந்தக் குஞ்சுக்கு எந்தப் பட்டியலிலும் பெயர் இல்லை.

“இது முழு பஹ்ரைனி இல்ல போலிருக்கு. அம்மாவோ அப்பாவோ நம்ம ஊரு” என்றேன்.

“அதுக்கு என்ன இப்ப, சிபிஆர் ஐடி கார்டு கேக்கப் போறீங்களா? முட்டை வச்சிருக்கு, சும்மா இருங்க” என்றாள்.

முட்டை மூன்று. ஏப்ரல் மூன்றாம் வாரம் குஞ்சு பொரித்தது. மூன்று திறந்த வாய்கள், நடுவில் உடம்பு என்று சொல்ல எதுவும் இல்லை.

திவசம் நெருங்க நெருங்க எதிர் ஃபிளாட்காரர் தீவிரமானார். சங்கத்துக் குழுவில் நாசூக்காக யோசனை கேட்டார். ஒருவர் அரிசி மாவில் காக்கை பிடித்து வைக்கலாம் என்றார். ஒருவர் போட்டோ போதும், பாவனைதான் முக்கியம் என்றார். ஒருவர் காக்கையின் சத்தத்தை இணையத்திலிருந்து எடுத்து ஸ்பீக்கரில் போட்டால் இனம் இனத்தோடு சேரும் என்றார். இவர் அதைச் செய்து பார்த்தார். மாடியில் ஸ்பீக்கர் ‘கா கா’ என்று கத்தியது. ஒரு மைனா ஜோடி வந்து, ஸ்பீக்கர் மேலேயே உட்கார்ந்து, தின்ன என்ன இருக்கிறது என்று பார்த்தது. மைனாவும் நம் ஊரிலிருந்து வந்ததுதான், அதுவும் இங்கே வந்தேறிதான். ஆனால் பிதிர்களோடு அதற்கு எந்த ஒப்பந்தமும் கிடையாது. “மைனா கணக்குல வராதுடா” என்று ஊரிலிருந்து தீர்ப்பு வந்துவிட்டது.

ஒரு நாள் மாலை கதவைத் தட்டினார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, “அண்ணாச்சி, ஒரு ஒத்தாசை. கொஞ்சம் கருவாடு வாங்கிட்டு வரணும்” என்றார்.

“யாருக்கு?”

“காக்காய்க்குத்தான். மோப்பம் புடிச்சு வரும்ங்கறாங்க. நான் போய்க் கடையில நின்னா நல்லாருக்காது. எது நல்ல வாசனைன்னும் எனக்குத் தெரியாது.”

“உங்க வீட்டம்மாவுக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சா அடுத்த வருஷம் எனக்கும் சேத்து திவசம்.”

நெத்திலிக் கருவாடு வாங்கி, பையைப் பைக்குள் போட்டு, அதை இன்னொரு பைக்குள் போட்டுக் கொடுத்தேன். நிர்வாகம் பூட்டிய மாடிக் கதவை வாட்ச்மேனிடம் சாவி வாங்கித் திறந்து, நான்கு நாள் அப்பாவின் பேரால் கருவாடு தூவினார். வாசனை மோப்பம் பிடித்து முதலில் வந்தது என் மனைவி.

“அண்ணே, ஒங்களுக்கு வெவரம் தெரியாது, நானே சொல்லிருதேன்” என்றாள். அவரைப் பால்கனிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கூட்டைக் காட்டினாள். “காக்கா வந்துச்சுன்னா நேர இங்கதான் வரும். மூணையும் தூக்கிரும்.”

அவர் ரொம்ப நேரம் பார்த்தார். குஞ்சுகளுக்கு அப்போது இறகு முளைக்கத் தொடங்கியிருந்தது.

“ஒரே ஒரு காக்கா போதும், தங்கச்சி. ஒரு வாய் எடுத்துட்டுப் போயிடட்டும்.”

“ஒரு வாய்தான். அந்த வாய்ல எது இருக்குங்கதுதான கேள்வி.”

“இது கவலை குறைஞ்ச இனம்னு அண்ணாச்சி சொன்னாரே.”

“அவரு சொல்லுவாரு. கவலப்படுதது யாரு, நானா அவரா?”

சமரசம் ஒன்று ஏற்பட்டது. கருவாடு தண்ணீர்த் தொட்டிக்கு அப்பால், எங்கள் பால்கனி இல்லாத பக்கம் மட்டும். எங்கள் பால்கனியில் காகத்தை மிரட்டப் பழைய சி.டி.க்களைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவது. கருவாட்டை வாங்கியதும் நான்தான், சி.டி.யைக் கட்டியதும் நான்தான். மேலே ‘வா’, கீழே ‘வராதே’. இந்த வளைகுடாவில் ஆள் எடுக்கிற எல்லாக் கம்பெனிகளும் பின்பற்றும் கொள்கைதான்.

வாட்ச்மேனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பங்களாதேஷ்காரர், ஐம்பது வயது இருக்கும். எதிர் ஃபிளாட்காரர் தனக்கு இந்தி தெரியும் என்று நம்புகிறவர். மாதம் முழுக்க வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் வாட்ச்மேனிடம், “காக்கா ஆயா கியா?” என்று, காக்கா வந்ததா என்று கேட்பதாக நினைத்துக்கொண்டு, விசாரித்துவிட்டுத்தான் லிஃப்ட் ஏறுவார். வாட்ச்மேன் முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு, “நஹி ஆயா, சாப்” என்பார். ஒரு தடவை, “ஃபிக்கர் மத் கரோ சாப், ஆயேகா” என்று ஆறுதலும் சொன்னார். என்ன நல்ல மனசு பாருங்க அண்ணாச்சி, வேற மதம், ஆனாலும் நம்ம சடங்கைப் புரிஞ்சுக்கிறார் என்று இவர் நெகிழ்ந்துபோனார்.

ஏப்ரல் 26, வெள்ளி. காலையிலேயே அவர் வீட்டில் சங்கல்பம் தொடங்கியது. என் மனைவி சமையலுக்கு ஒத்தாசையாகப் போய்விட்டாள். புரோகிதர் ஒரு போனில். அம்மா இன்னொரு போனில், அதைப் பிடித்துக்கொண்டிருப்பது என் வேலை. பிண்டம் எல்லாம் முடிந்து, இலைத் துண்டில் சோறு, பருப்பு, நெய், எள், வாழைக்காய்ப் பொரியல் வைத்து மாடிக்குப் போனோம். ஈர வேட்டியோடு அவர் முன்னால், கையில் அம்மாவோடு நான் பின்னால்.

“கா… கா…” என்று கூப்பிட்டார். எதுவும் வரவில்லை. ஏப்ரல் வெயில் ஏற்கெனவே தரையைச் சுட வைத்திருந்தது. ஒரு காலை மாற்றி ஒரு காலை வைத்துக்கொண்டு கூப்பிட்டார்.

“வாழக்கா வெச்சியா?” என்றது என் கையிலிருந்த அம்மா.

“வெச்சேம்மா.”

“சத்தமா கூப்புடு. அவருக்குக் காது மந்தம்.”

அவர் சத்தமாகக் கூப்பிட்டார். எதிர்க் கட்டடத்தில் ஒரு ஜன்னல் திறந்து மூடியது. கம்பிக் கூண்டு காலியாக இருந்தது. கேபிள் கம்பியில் எங்கள் கொண்டைக்குருவிகளில் ஒன்று உட்கார்ந்து, இலையையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தது. அரை மணி நேரம் ஆகியிருக்கும். அவருடைய குரல் கம்மத் தொடங்கியது. “கோவம் இன்னும் இருக்கு போல” என்றார் அம்மா, அதே கறிகாய்க் குரலில். இவர் இன்னும் ஒரு தடவை கூப்பிட்டார். அது காக்கையைக் கூப்பிடுகிற மாதிரி இல்லை.

அப்போது அவர் போன் அடித்தது. வாட்ச்மேன்.

“சாப், காக்கா ஆகயா!”

“கஹான்? கஹான்?”

“நீச்சே. லிஃப்ட் மே பேஜ்தா ஹூன்.”

கீழேயிருந்து லிஃப்டில் அனுப்புகிறேன் என்றதைக் கேட்டு நான் யோசித்திருக்க வேண்டும். இவர் யோசிக்கும் நிலையில் இல்லை. இலையை அப்படியே விட்டுவிட்டுப் படியில் இறங்கி ஓடினார். நான் அவருடைய அம்மாவைக் கையில் ஏந்திக்கொண்டு பின்னால் ஓடினேன். எங்கள் தளத்துக்கு வரவும் லிஃப்ட் கதவு திறக்கவும் சரியாக இருந்தது.

உள்ளே எழுபது வயதுப் பெரியவர் ஒருவர். வெள்ளை வேட்டி, நெற்றியில் விபூதி, கையில் ரொட்டிப் பொட்டலம். முழங்கையைப் பிடித்துக்கொண்டு வாட்ச்மேன், வெற்றி பெற்ற முகம். வங்காள மொழியில் காகா என்றால் சித்தப்பா. ஒரு மாதமாக எதிர் ஃபிளாட்காரர் ஊரிலிருந்து வரவேண்டிய சித்தப்பாவைத் தேடிக்கொண்டிருக்கிறார், விசாவில் ஏதோ சிக்கல் என்று வாட்ச்மேன் நம்பிவந்திருக்கிறார். இன்று வாசலில் நெற்றியில் பட்டையோடு ஒரு முதியவர் திசை தெரியாமல் நிற்கவும், கேள்வியே கேட்காமல் ஏற்றிவிட்டார்.

“தம்பி, இது நாலாம் மாடிதானே?” என்றார் பெரியவர். “ரொட்டி வாங்க எறங்கினேன். எல்லாக் கட்டடமும் ஒரே மாதிரி இருக்கு. எம் மருமகன் வீடு…”

அவர் திருவாரூர்க்காரர். விசிட் விசாவில் மகள் வீட்டுக்கு வந்தவர். மகள் வீடு அடுத்த கட்டடம். எதிர் ஃபிளாட்காரர் ஈர வேட்டியோடு அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“யாருடா அது?” என்றது என் கை. போனைத் திருப்பிக் காட்டினேன்.

அந்த அம்மா கொஞ்ச நேரம் பார்த்தார். “தெவசத்தன்னைக்கு ஒரு வயசானவர் வாசப்படியில வந்து நிக்கறார். என்னடா பாத்துக்கிட்டு நிக்கற? எலையப் போடு.”

“காக்கா இன்னும் எடுக்கலையேம்மா.”

“அது மேல இருக்கட்டும். மொதல்ல இவரு.”

பெரியவர் முதலில் மறுத்தார். திவசச் சாப்பாடு என்று தெரிந்ததும் உட்கார்ந்தார். “எனக்குச் சர்க்கரை. பாயசம் அரை டம்ளர் போதும்” என்றவர் மூன்று அரை டம்ளர் சாப்பிட்டார். “மருமகன் வீட்ல காலைல ஓட்ஸ், ராத்திரி ஓட்ஸ். நான் என்ன குதிரையா, சொல்லுங்க?” என்று என் மனைவியிடம் கேட்டார். வாழைக்காய்ப் பொரியலை மறுபடி கேட்டு வாங்கினார். எதிர் ஃபிளாட்காரர் தானே பரிமாறினார். ஒவ்வொரு தடவை குனியும்போதும் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். எழுந்து கை கழுவி, “ஒங்கப்பாவுக்குக் கொறையில்லை, தம்பி. வயிறு நெறஞ்சுது” என்று சொல்லிவிட்டு ரொட்டிப் பொட்டலத்தோடு கிளம்பினார் பெரியவர். வாட்ச்மேன் அவரைக் கொண்டுபோய் அடுத்த கட்டடத்தில் விட்டார். காகா ஏன் உடனே திரும்பிப் போகிறார் என்று அவருக்கு விளங்கவில்லை.

அதற்குப் பிறகுதான் நாங்கள் மாடிக்குப் போனோம். இலை, வைத்த இடத்தில் இல்லை. தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் கவிழ்ந்து கிடந்தது. திருப்பிப் பார்த்தோம். ஒரு பருக்கை இல்லை. கருவாடும் இல்லை. சுற்றிலும் பறவை எதுவும் இல்லை. அந்தச் சந்தில் இரண்டு பூனைகள் உண்டு என்பதை நான் சொல்லவில்லை.

எதிர் ஃபிளாட்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், வியர்வைக்குத் தேவையானதைவிடக் கொஞ்சம் அதிக நேரம். பிறகு என்னிடமிருந்து போனை வாங்கினார்.

“எடுத்துடுச்சும்மா.”

“பாத்தியா?”

“எடுத்துடுச்சும்மா.”

“சரி, போய்ச் சாப்புடு” என்றது அந்தப் பக்கம்.

சாப்பிட்டுவிட்டு நாங்கள் வீடு திரும்பியபோது மதியம் தாண்டிவிட்டது. பால்கனிக் கதவைத் திறந்த என் மனைவி அப்படியே நின்றாள். கூடு காலி. சி.டி.க்கள் காற்றில் சுழன்றுகொண்டிருந்தன. கூடு கலையவில்லை, சாயவில்லை, தரையில் இறகு எதுவும் இல்லை. கேபிள் கம்பியில் ஜோடி இரண்டும் உட்கார்ந்து விடாமல் கத்திக்கொண்டிருந்தன. முதல் தடவை பறந்த குஞ்சுகளைக் கூப்பிடும் கத்தலும், பறிகொடுத்த கத்தலும் புத்தகத்தில் தனித்தனிப் பத்திகளில் இருக்கின்றன. கேட்கும்போது எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. பறக்கிற வயது வந்திருந்தது, அல்லது வர ஓரிரு நாள் பாக்கி இருந்தது. கறிவேப்பிலையை அன்று சாயந்திரமே பறிக்கலாமா என்று நான் கேட்டதற்கு அவள் பால்கனிக் கதவைச் சாத்தினாள்.

மறுநாள் காலை எதிர் ஃபிளாட்காரர் மிச்ச அதிரசத்தோடு வந்தார். முகம் ஒரு மாதத்துக்குப் பிறகு தெளிவாக இருந்தது. பால்கனிப் பக்கம் எட்டிப் பார்த்தவர், அந்த இடத்திலேயே நின்றுவிட்டார்.

“குஞ்சுங்க எங்க, தங்கச்சி?”

“பறந்துட்டுண்ணே.”

“பாத்தீங்களா?”

“பறந்துட்டுண்ணே” என்றாள் என் மனைவி. அதிரசத் தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

ஏப்ரல் 26ஆம் தேதி எங்கள் கட்டடத்துக்குக் காகம் வந்ததா என்பது எனக்குத் தெரியாது. அந்த நேரத்தில் மாடியில் இருந்தவர் யாரும் இல்லை, பால்கனியில் இருந்தவரும் யாரும் இல்லை. வந்தது என்று எதிர் வீட்டிலும், வரவில்லை என்று எங்கள் வீட்டிலும் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறோம். இரண்டில் எதையும் நான் சரிபார்க்கவில்லை.